ஒன்ஸ்மோர் கேட்டவள்

என்னால் ஓர் இடத்தில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார முடியாது. "கால்ல சக்கரத்த கட்டிக்கினு பொறந்தவ" என்று அம்மா சொல்வாள். காலை விட நாக்கு மோசம். மனதில் பட்டதை அப்போதே சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். இந்தக் குணத்தால் எனக்கு வந்த நஷ்டங்களை நான் பெரிதாக நினைத்ததில்லை. இன்னொருத்திக்கு வந்த நஷ்டத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒன்றிரண்டு ஆலைகள் வந்திருந்த நேரம். மருந்துக் குப்பி செய்கிற ஓர் ஆலையில் எனக்கு வேலை. குப்பிகளைத் தொட்டியில் கழுவி, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கீறல் இருந்தால் தள்ளிவிட்டு, மற்றதை அட்டைப்பெட்டியில் அடுக்க வேண்டும். பேக்கிங் என்று அதற்குப் பெயர். மீஞ்சூரில் காலை பாசஞ்சர் வண்டியைப் பிடிப்பேன். சிக்னல் கிடைக்காமல் வண்டி நடுக்காட்டில் நிற்கும்போதெல்லாம் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருப்பேன். "ஒக்காருடி, நீ நடந்தா வண்டி நவுந்துடுமா?" என்று யாராவது திட்டுவார்கள்.

பெண்கள் பெட்டியின் கடைசியில் எங்கள் நாலு பேருக்கென்று ஒரு மூலை இருந்தது. பழவேற்காட்டிலிருந்து கூடையோடு பஸ்ஸில் பொன்னேரி வந்து அங்கே வண்டி ஏறுகிறவள் மீன்கார அக்கா. அதே பொன்னேரியில் ஏறுகிறவள் எங்கள் ஆலை ஆபீசின் டைப்பிஸ்ட் அம்மா. கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு அக்காவுக்கு எதிரிலேயே உட்காருவாள். மீன் வாடை பிடிக்காது, நாடகப் பேச்சு பிடிக்கும். அடுத்த ஸ்டேஷன் கவரைப்பேட்டையில் ஏறுகிறவள் என் சிநேகிதி. பேக்கிங்கில் எனக்குப் பக்கத்துத் தொட்டி அவளுடையது.

எங்களைச் சேர்த்து வைத்தது நாடகப் பைத்தியம். எளாவூர், ஆரம்பாக்கம், பொன்னேரி, சில நேரம் திருவள்ளூர் வரைக்கும்கூட, எங்கே மேடை போட்டாலும் நாலு பேரில் இரண்டு பேராவது போய்வந்திருப்போம். அடுத்த நாள் வண்டியில் தீர்ப்பு. ராஜாவுக்கு முன்னால் அவர் தொப்பை மேடைக்கு வந்துவிடுகிறது என்பேன் நான். ஆர்மோனியக்காரன் பாடுகிறவளின் குரலை அமுக்கிவிட்டான் என்பாள் டைப்பிஸ்ட் அம்மா. "ராணி வேசத்துக்கு அவளா? மூஞ்சில சிரிப்பு ஒட்டிக்கினே கீது. புள்ள செத்த சீன்ல கூட பல்லு தெரியுது" என்று மீன்கார அக்கா ஒரே போடாகப் போடுவாள். வீட்டுக்குத் தெரியாமல் வருகிற என் சிநேகிதி அதிகம் பேச மாட்டாள். எந்த வரியில் சுருதி விலகியது என்று கேட்டால் மட்டும் சரியாகச் சொல்வாள்.

எங்கள் பக்கத்து ரசிகர்களுக்கு ஒரு சட்டமும் இருந்தது. பாட்டு பிடித்துப்போய்க் கூட்டம் "ஒன்ஸ்மோர்" என்று கத்தினால், மெட்ராஸில் பாட்டை முதலிலிருந்து பாடுவார்களாம். எங்களுக்கு அப்படிப் பாடினால் பிடிக்காது. பல்லவியை விட்டுவிட்டு, குரல் ஜிவ்வென்று மேலே ஏறுகிற அனுபல்லவியில் நேராக எடுக்க வேண்டும். கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டிய ஜனம். முழுப் பாட்டையும் இரண்டு தடவை கேட்க யாருக்கு நேரம் இருந்தது? கேட்டும் பாடாமல் போனால் ஊரையே அவமானப்படுத்தியதாகக் கணக்கு. மேடை மேல் மண் வந்து விழும்.

சிநேகிதியின் வீட்டில் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள். அவள் அப்பா ஊர்க்காரர்களின் நிலத்தில் கூலிக்கு உழுதவர். பதினைந்து வயதிலிருந்து அவள் கோயிலில், அதாவது அவர்கள் சர்ச்சில், பாட்டுக் குழுவின் முதல் குரல். அதைப் பற்றி ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "எங்க போனாலும் எங்கள ஓரமா நில்லுன்னு தான்டீ சொல்றாங்க. டீக்கடைல, கெணத்தாண்ட, எல்லா எடத்துலயும். அங்க ஒரு எடத்துல தான் முன்னால வந்து நில்லுன்னு சொல்றாங்க." அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள்.

அந்த வருஷம் ஆலையில் ஆண்டு விழா நாடகம். எழுதியவர் எங்கள் ஸ்டோர் கிளார்க். ஆர்மோனியமும் அவரே. போருக்குப் போன ராஜா பக்கத்து நாட்டு அரண்மனையிலேயே தங்கிவிடுகிறான். ராணி பாட்டுக்காரி மாதிரி வேஷம் போட்டு அவனைத் தேடிப் போய், கோட்டை வாசலில் நின்று பாடுகிறாள். அந்தப் பாட்டுதான் நாடகத்தின் உயிர். ராஜா வேஷம் லேத் ஓட்டுகிறவருக்கு. ஆலைப் பெண்கள் மேடை ஏறுகிற வழக்கம் அப்போது கிடையாது என்பதால் ராணிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு நடிகையைக் கூட்டிவந்தார்கள். நடிகை அழகு, நடையும் அழகு. வாயைத் திறந்தால்தான் வம்பு. ஒத்திகையில் அவள் கோட்டை வாசல் பாட்டைப் பாடி முடித்ததும் ஸ்டோர் கிளார்க் ஆர்மோனியத்தை மூடிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நான் சும்மா இருப்பேனா? யாரும் கேட்காமலேயே போய், "எங்க பேக்கிங்ல ஒருத்தி கீறா சார். படுதாவுக்குப் பின்னால நின்னு அவ பாடட்டும், முன்னால அந்தம்மா வாயசைக்கட்டும்" என்றேன். அவருக்கு உயிர் வந்துவிட்டது. சிநேகிதிக்கு உயிர் போய்விட்டது. "நாடகம் கூத்துன்னு பாடப் போனா கோயில்ல பாட வுடமாட்டாங்க. உனுக்குத் தெரியாதா?" என்று என்மேல் பாய்ந்தாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நாலாம் நாள் தொட்டியில் கையை வைத்துக்கொண்டே, "அந்தப் பாட்டு எழுதன காயிதம் இருக்குதா?" என்று கேட்டாள்.

கொடுத்தேன். படித்தாள். வாய்க்குள் முணுமுணுத்தாள். "ராணி எதுக்கு இந்தப் பாட்ட அழுதுகினே பாடணும்? புருசன் மறந்துட்டான்னா அழறதா? கோட்ட வாசல் வரைக்கும் வந்தவ அவன நாலு கேள்வி கேக்கத்தான் வந்திருப்பா" என்றாள். அப்படியே பாடியும் காட்டினாள். அவள் குரல் மெலிசானது இல்லை. லேசான கரகரப்போடு கனமாகத் தொடங்கும், மேலே போகப் போகத் தெளிந்துவிடும். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. "ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. உங்கம்மா மேல சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன்.

ஆண்டு விழாவில் எல்லாம் நன்றாக நடந்தது. நான் படுதா ஓரத்தில் அவளுக்குத் துணையாக நின்றேன். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடிப் பாடினாள். வெளியே நடிகை கண்ணீர் விட்டு வாயசைத்தாள். முதலாளி வீட்டார் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் ஒன்ஸ்மோர் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. பாட்டு முடிந்ததும் அவள் கை ஐஸ் போலச் சில்லிட்டிருந்தது; முகம் மட்டும் சிவந்து கிடந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மீன்கார அக்காவும் விழாவுக்கு வந்திருந்தாள். ஆலை கேன்டீனுக்கு மீன் கொடுக்கிறவள் என்று அவளுக்கும் அழைப்பு. மறுநாள் வண்டியில் டைப்பிஸ்ட் அம்மா உருகினாள். "தேன்னா தேன். மெட்ராஸ்காரி மெட்ராஸ்காரிதான். இந்த மாதிரி ஒரு தொண்டைய நான் கேட்டதே இல்ல." எங்களுக்கு நடுவில் சிநேகிதி உட்கார்ந்து, நாஷ்டா டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். மீன்கார அக்கா மட்டும் வெற்றிலையை மென்றபடி யோசித்துக்கொண்டிருந்தாள். "இன்னாவோ ஒட்டலடி" என்றாள். "கண்ணு அழுவுது, தொண்ட அழல. தொண்ட சண்ட போடுது. ஒரு மனுசிக்குள்ள ரெண்டு பேரு கீறாப்போல கீது."

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. சிநேகிதி என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். எழுந்து போய்க் கதவோரம் நின்றேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். வாரக்கணக்கில் இதே கதை. டைப்பிஸ்ட் அம்மா நடிகையின் குரலை யார் யார் குரலோடோ ஒப்பிடுவாள். அக்கா தொண்டையும் கண்ணும் பொருந்தவில்லை என்று வாதாடுவாள். பாடியவள் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வருவாள். தன்னைப் பற்றிய பேச்சைத் தன் எதிரிலேயே கேட்டுக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். எனக்குத்தான் பேஜாராகிவிட்டது. முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒரு ரகசியத்தை வாயில் வைத்துக்கொண்டு திரிகிற வேலை எனக்கு ஏற்பட்டதே இல்லை.

சித்திரையில் அதே நாடகத்தைக் கும்மிடிப்பூண்டிக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் போட ஏற்பாடாயிற்று. சாயங்காலம் ஆறு மணிக்கே திரை தூக்கிவிட்டார்கள். சின்ன மேடை, படுதா ஓரத்தில் ஆர்மோனியமும் சிநேகிதியும் நிற்கத்தான் இடம். "ரெண்டு பேருக்கு எடம் இல்லம்மா, நீ வெளிய போயி ஒக்காரு" என்று ஸ்டோர் கிளார்க் என்னைத் துரத்திவிட்டார். டைப்பிஸ்ட் அம்மாவுக்கும் மீன்கார அக்காவுக்கும் நடுவில் பாயில் போய் உட்கார்ந்தேன்.

கோட்டை வாசல் காட்சி வந்தது. முன்னே உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை. மைதானமே வாயை மூடிக்கொண்டது. பாட்டு முடிந்து கைதட்டல் அடங்குவதற்குள் டைப்பிஸ்ட் அம்மா என் காதில் சொன்னாள். "பாத்தியா? செக்கச்செவேல்னு அந்த நெறத்துக்கும் இந்தத் தொண்டைக்கும் என்னா பொருத்தம்! நம்ம ஆலையில குப்பி கழுவுற பொண்ணுங்களுக்கு இதெல்லாம் வருமா? நல்ல ஊட்ல பொறந்திருக்கணும்."

அவ்வளவுதான். எனக்குத் தலைக்கு ஏறியது. எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினேன்.

பாட்டை இன்னொரு தடவை கேட்கும் ஆசையில் கத்தினேன் என்றுதான் பல வருஷம் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அது பொய். ஏதாவது நடக்க வேண்டும் என்று கத்தினேன். என்ன நடக்க வேண்டும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்தம்மாவின் பேச்சு பொறுக்காமல், சத்தியத்தையும் மீற முடியாமல், கிடைத்த ஒரு சத்தத்தைப் போட்டேன். கூட்டம் என்னிடமிருந்து பிடித்துக்கொண்டது. நாலு பக்கமும் ஒன்ஸ்மோர், ஒன்ஸ்மோர் என்று எழுந்துவிட்டது. உள்ளே போகத் திரும்பிய நடிகையை மறுபடி நடுமேடைக்கு வரவைத்தார்கள்.

நடிகை மெட்ராஸ் வழக்கப்படி பல்லவிக்குத் தயாரானாள். பல்லவி 'ம'வில் தொடங்கும். உதடு இரண்டையும் ஒட்டவைத்துக்கொண்டு, கண்ணைத் தாழ்த்தி, ஆர்மோனியத்துக்குக் காத்திருந்தாள். படுதாவுக்குப் பின்னால் நின்றவளோ கவரைப்பேட்டைப் பெண். ஒன்ஸ்மோர் என்றால் அவளுக்கு அனுபல்லவிதான். ஆர்மோனியக்காரருக்கும் அதுதான். "ஆ" என்று உச்சியில் எடுத்தாள்.

மூடிய வாயிலிருந்து அவ்வளவு பெரிய "ஆ" வந்ததை மைதானமே பார்த்தது. நடிகை திடுக்கிட்டு வாயைத் திறந்தபோது குரல் அடுத்த வார்த்தைக்குப் போய்விட்டிருந்தது. முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும். விசில் பறந்தது. முன்வரிசையிலிருந்து எவனோ தாவி மேடையில் ஏறிப் படுதாவைப் பிடித்து இழுத்தான். கயிறோடு அறுந்து விழுந்தது.

அவள் அங்கே நின்றிருந்தாள். வேலைக்கு வருகிற அதே கைத்தறிச் சேலை, செருப்பில்லாத கால், காதைப் பொத்திய கை. கண்ணை மூடியிருந்ததால் படுதா விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. வரியை முழுதாகப் பாடி முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள். கூட்டத்தில் அவள் தெருக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். நாடகம் பார்ப்பது பாவம் என்கிறவர்கள் அங்கே எப்படி வந்தார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். பிறகு கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தாள். நான் அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

திங்கட்கிழமை கவரைப்பேட்டையில் அவள் ஏறவில்லை. வண்டி கிளம்பியதுமே டைப்பிஸ்ட் அம்மா ஆரம்பித்தாள். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான். கேக்க நல்லா இருந்தாலும் அந்தத் தொண்டைல ஒரு மொரட்டுத்தனம் இருந்துது. சுத்தமான சங்கீதம் இல்ல அது. வேதக்காரங்க கோயில் பாட்டு வாட வீசுது பாருங்க." தேன் என்று சொன்ன அதே வாய். எனக்குக் கை பரபரத்தது. முந்திக்கொண்டவள் மீன்கார அக்கா. கூடையைக் காலால் நகர்த்திவிட்டு டைப்பிஸ்ட் அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்தாள்.

"நேத்து வரைக்கும் வஞ்சிரம்னு சப்புக்கொட்டித் துன்ன. இன்னிக்கி எவன் வலையில வுழுந்துச்சின்னு தெரிஞ்சதும் வாந்தி எடுக்கிறியா? மீனு அதே மீனு தாம்மா. ஒன் நாக்குதான் கெட்டுப்போச்சி."

டைப்பிஸ்ட் அம்மா எழுந்து வேறு பக்கம் போய் உட்கார்ந்தாள். பெட்டியில் இருந்த மற்றவர்களும் பேசிக்கொண்டார்கள். ராணி வேஷத்துக்கு அந்தக் குரல் பொருத்தமே இல்லை என்றாள் ஒருத்தி. கோபம் ஜாஸ்தி, ராணி அப்படியா பாடுவாள் என்றாள் இன்னொருத்தி. படுதா விழும்வரை இதே பாட்டுக்கு அழுதவர்கள். நாடகம் பார்த்துக் கருத்துச் சொல்வதில் எங்களை அடிக்க ஆளில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை அவள் வேலைக்கு வந்தாள். தொட்டியில் குப்பியை முக்கியபடியே சொன்னாள். "கோயில்ல முடிஞ்சிபோச்சி. பெரியவங்க கூடிப் பேசனாங்க. பாட்டுக் குழுல நிக்க வேணாம், கடைசி பெஞ்சில ஒக்காந்து வாய மூடிக்கினு கேளுன்னு சொல்ட்டாங்க. எவ்ளோ நாளைக்குன்னு சொல்லல." நான் அழுதேன். அவள் அழவில்லை. "நீ ஏன்டீ கத்தன?" என்று மட்டும் கேட்டாள். "பாட்டு நல்லா இருந்துது, அதான்" என்றேன். அந்தப் பொய்யை முதலில் சொன்னது அவளிடம்தான்.

நான் கெடுத்ததை நானே சரிசெய்துவிடுவேன் என்று ஒரு வெறி பிடித்தது. ஸ்டோர் கிளார்க்கைப் பார்த்தேன், யூனியன்காரரைப் பார்த்தேன், டைம் ஆபீசில் நின்றேன், லேத் ஓட்டுகிறவரின் வீட்டுக்கே போனேன். அடுத்த ஆண்டு விழாவுக்கு இதே நாடகத்தில் அவளையே ராணியாகப் போடுங்கள், அதுதான் ஊரே கேட்ட குரல் ஆயிற்றே என்று எல்லோரிடமும் வாதாடினேன். யாரும் குரலைக் குறை சொல்லவில்லை. "கடைசி சீன்ல ராஜா அவ கையப் புடிச்சி மாலை போடணும் இல்ல? எங்க ஊட்ல ஒத்துக்கமாட்டாங்க" என்றார் லேத்காரர். மற்றவர்கள் அதைக்கூடச் சொல்லாமல் சிரித்து மழுப்பினார்கள். நானும் விடவில்லை. ஒரு வருஷம் போட்ட சத்தத்தில் கடைசியாக விழாக் கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது. நாடகம் தொடங்குமுன் மைக்கில் அவள் பெயரைச் சொல்வார்கள். பின்னணி பாடுவது இன்னார் மகள் இன்னார் என்று அப்பா பெயரோடு அறிவிப்பார்கள்.

எனக்கு அது பெரிய வெற்றி. ஆபீசிலிருந்து பேக்கிங்குக்கு ஓடினேன்.

"இந்த தபா ஒளிஞ்சிக்கினு பாட வேணாம்டீ. ஒம் பேர மைக்ல சொல்லப்போறாங்க!"

அவள் ஒரு குப்பியை விளக்குக்கு நேரே தூக்கிக் கீறல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராணி யாரு?"

"மெட்ராஸ்லருந்து வேற ஒரு அம்மா."

"நான் எங்க நிக்கணும்?"

அவள் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அட்டைப்பெட்டியில் வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.

"பேரச் சொன்னப்புறமும் பின்னாலதான் நிக்கணும்னா, எதுக்குடீ எம் பேரு?"

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் சண்டை போட்டிருப்பேன். எந்த ஷிப்டு என்று கேட்கிற குரலில் கேட்டாள். நான் மறுபடியும் ஆபீசுக்குப் போய், அவள் பாடவில்லையாம் என்று சொன்னேன். அதற்கென்ன, பாட்டை எடுத்துவிட்டால் போகிறது என்றார்கள். அந்த வருஷம் ராணி கோட்டை வாசலுக்கு வந்து, நின்று, நாலு வரி வசனம் பேசிவிட்டு உள்ளே போனாள். கூட்டம் அதற்கும் கை தட்டியது.